பேஸ்கட்பால் ஆடியே வாழ முடியுமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்களுக்கு ஒரு நேர்மையான கணக்கு!

பிளஸ் டூ வரைக்கும் பிரச்னையே இல்லை. ஸ்கூல் டீம்ல ஆடுறா, மாவட்டப் போட்டிக்குப் போறா, கப் வாங்கிட்டு வர்றா. வீட்டு ஷோகேஸ்ல அதுக்கு ஒரு இடமும் கிடைச்சுடும். ரிசல்ட் வந்த மறுநாள்தான் அந்தக் கேள்வி வரும். "சரிம்மா, ஆடினது போதும். இதுல என்ன சம்பளம் வரப்போகுது?"

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் வீட்டிலும் இதே கேள்விதான், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் வீட்டிலும் இதே கேள்விதான். கேட்கிற அப்பாவையோ அம்மாவையோ வில்லனாக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் தவிர வேறு எந்த விளையாட்டிலும் 'சம்பளம்' என்ற வார்த்தையை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் உணர்ச்சிவசப்படாமல் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு பெண் கூடைப்பந்தாட்ட வீராங்கனையின் கரியர் நம் நாட்டில் எப்படி ஓடுகிறது? பணம் எங்கிருந்து வருகிறது? எந்த வயதில் எந்தக் கதவு திறக்கும், எது மூடும்?

இதற்கு நம்மிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறார். அனிதா பால்துரை.

11 வயதில் தொடங்கி பத்மஸ்ரீ வரை

சென்னைப் பெண். 1985 ஜூனில் பிறந்தவர். பேஸ்கட்பாலைக் கையில் எடுத்தது 11 வயதில். 2000-ல் தொடங்கி 2017 வரை, கிட்டத்தட்ட 18 சீசன்கள் இந்திய அணிக்காக ஆடியிருக்கிறார். 19 வயதில் சீனியர் அணியின் கேப்டன். நம்மில் பலர் அந்த வயதில் செமஸ்டர் அரியரோடு போராடிக்கொண்டிருந்தோம்!

ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். தேசிய சாம்பியன்ஷிப்களில் மட்டும் 30 பதக்கங்கள். 2013-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் ஐந்தாவது இடம் பிடித்தார்கள். அதே ஆண்டு தோஹாவில் நடந்த ஆசிய 3x3 போட்டியில் தங்கம். 2021-ல் பத்மஸ்ரீ.

இந்தப் பட்டியலைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, இதற்கு நடுவே அவர் பி.காம் முடித்தார், எம்.பி.ஏ-வும் முடித்தார். இரண்டு, இவ்வளவு ஆண்டுகளும் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது ஒரு பேஸ்கட்பால் கிளப் அல்ல. தெற்கு ரயில்வே.

'புரொஃபஷனல்' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் புரொஃபஷனல் வீராங்கனை என்றால் கிளப்போடு ஒப்பந்தம், சீசனுக்குச் சம்பளம். இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஐ.பி.எல் மாதிரி வருஷா வருஷம் தவறாமல் நடந்து, குடும்பத்தைத் தாங்கும் அளவுக்குச் சம்பளம் தருகிற லீக் வேரூன்றவில்லை. லீக்குகள் வரும், போகும். அதை நம்பி வீட்டு லோன் வாங்க முடியாது.

அந்த இடத்தை நிரப்புவது அரசு நிறுவனங்கள்தான். ஆண்களுக்கு ரயில்வே, வங்கிகள், வருமான வரித்துறை, ராணுவம் என்று பல வாசல்கள். பெண்களுக்கு வாசல் குறைவு. அதில் பெரியது ரயில்வே. தேசியப் போட்டிகளில் இந்திய ரயில்வே பெண்கள் அணி பல ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறப்பதற்குக் காரணமும் இதுதான். மாநிலங்கள் வளர்த்த நல்ல வீராங்கனைகள் வேலைக்காக ரயில்வேக்குப் போகிறார்கள், அப்புறம் ரயில்வே ஜெர்சியில் சொந்த மாநிலத்தையே தோற்கடிக்கிறார்கள். கேரளாவில் மின்வாரியமே வலுவான பெண்கள் அணி வைத்திருப்பதால் அங்கே இன்னொரு வாசல் உண்டு. அந்த விஷயத்தில் நமக்குப் பொறாமைப்பட நியாயம் இருக்கிறது.

சென்னையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்து ராஜபாளையத்திலும் நின்று போகிறதே, அதை இயக்கும் தெற்கு ரயில்வேதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறது.

சரி, சம்பளம் எவ்வளவு?

ஏழாவது சம்பள கமிஷன் கணக்குப்படி லெவல் 2 வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், லெவல் 3-க்கு 21,700. சாதனை பெரிதாக இருந்து டிகிரியும் இருந்தால் லெவல் 4 (25,500), லெவல் 5 (29,200) வரை நேரடியாகச் சேரலாம். இதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் சிறப்பு விடுப்பு உண்டு. பெரிய பதக்கம் வென்றால் முறைக்கு முன்பே புரமோஷனும் கிடைக்கும். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிய பிறகும் வேலை இருக்கும். 60 வயது வரை.

கோடீஸ்வரியாக முடியாது. ஆனால், அப்பாவின் கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது, இல்லையா?

அதே ஜூன் மாதம் பிறந்த இன்னொரு பெண்

அனிதாவோடு இந்திய அணியில் நீண்ட காலம் ஆடியவர் கேரளாவின் கோட்டயத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குல உயரம். இவரும் 1985 ஜூனில் பிறந்தவர். இவரும் தெற்கு ரயில்வேதான். ஆனால், இவர் இன்னொரு பாதையையும் தட்டிப் பார்த்தார். 2006-ல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்காக ஆடப் போனார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ அணிகள் அவரை டிராயல்ஸுக்கு அழைத்தன. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகள். அந்த அழைப்பு கிடைத்த முதல் இந்தியப் பெண் அவர். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார், ரயில்வே வேலை அப்படியே இருந்தது, தொடர்ந்து ஆடினார், 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

'வெளிநாட்டு கனவு தோற்றால் வாழ்க்கையே போச்சு' என்று சினிமாவில் காட்டுவார்கள். கீத்துவுக்கு அப்படி ஆகவில்லை. கையில் ஒரு நிரந்தர வேலை இருந்ததால்தான் அவரால் தைரியமாக அந்த டிராயல்ஸுக்குப் போக முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த டபிள்யூ.என்.பி.ஏ-விலாவது அப்போது பெண்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2024-ல் அமெரிக்காவே கொண்டாடிய கெய்ட்லின் கிளார்க்கின் முதல் சீசன் சம்பளம் 76,535 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 64 லட்சம் ரூபாய். ஆண்கள் என்.பி.ஏ-வில் 2023-ல் முதல் ஆளாகத் தேர்வான விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் சீசனில் 1.2 கோடி டாலர். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! (விளம்பர ஒப்பந்தங்களில் கிளார்க் சம்பாதிப்பது தனிக் கதை. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.) இந்த வித்தியாசத்தால்தான் டபிள்யூ.என்.பி.ஏ வீராங்கனைகள் பலர் ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று ஆடப் போனார்கள். பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, டிசம்பர் வரை சிறையில் இருந்தது அப்படி ஆடப்போன இடத்தில்தான்.

ஸ்கூல் டீமிலிருந்து எப்படி மேலே போவது?

இங்கேதான் நம்ம ஊர்ப் பெண்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். திறமை இல்லாததால் அல்ல, ரூட் தெரியாததால். ரூட் ஒன்று அல்ல, இரண்டு.

முதலாவது பள்ளி வழி. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. பி.இ.டி டீச்சர் கூட்டிப் போவார், நமக்கு அதிக வேலை இல்லை.

இரண்டாவது சங்க வழி. மாவட்டக் கூடைப்பந்துக் கழகம், தமிழ்நாடு கூடைப்பந்துக் கழகம், இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம். இதில் சப்-ஜூனியர், யூத், ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள். இந்திய அணித் தேர்வாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது இந்தப் போட்டிகளைத்தான். ஆனால், மாநிலத் தேர்வு எப்போது, எங்கே என்று யாரும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள். மாவட்டக் கழகத்தில் பெயர் பதிந்து, நாமேதான் தொடர்பில் இருக்க வேண்டும். பள்ளி வழியில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு பிளஸ் டூவோடு ரோடு முடிந்துவிடும்.

தூரம் இன்னொரு பிரச்னை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே 12 கிலோமீட்டர் போலத்தான். டவுன் பஸ்ஸில் போய் பிராக்டீஸ் முடித்துத் திரும்பலாம். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் அப்படி இல்லை, தினமும் போய்வரும் தூரமில்லை. மதுரை இன்னும் தள்ளி. பள்ளி முடிந்து நாலரை மணிக்குக் கிளம்பி, ஆடிவிட்டு, இரவு பஸ் பிடித்து ஒரு பெண் தனியாக வருவதற்கு எத்தனை வீடுகள் சரி சொல்லும்? அதற்கு மாற்றாக இருப்பவைதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். ஆணையம் 1992-ல் தொடங்கியது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பக்கத்திலேயே பள்ளி. கோடை விடுமுறை நேரத்தில் தேர்வு நடக்கும். ஆணையத்தின் வெப்சைட்டையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தையும் அப்போது விடாமல் பாருங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கூடைப்பந்து உண்டு, பரிசுத் தொகையும் உண்டு.

காலேஜ்தான் திருப்புமுனை

ரயில்வே வேலைக்கு இந்தியாவுக்கே ஆடியிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டாயமில்லை. மாநில அணிக்காக சீனியர் நேஷனல் ஆடி, அணி நல்ல இடம் பிடித்திருந்தாலும் கணக்கில் வரும். அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த அணியில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

அதனால் எந்தக் கல்லூரி என்பது பெரிய முடிவு. உதாரணமாக, ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே படித்தால் காமராசர் பல்கலைக்கழக அணிக்குள் இடம் பிடிக்க வேண்டும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் தனி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதற்கு அணியும் தனி. சென்னை, கோவைப் பக்கம் சில கல்லூரிகள் நல்ல வீராங்கனைகளுக்கு ஃபீஸ், ஹாஸ்டல் சலுகை கொடுக்கின்றன. சலுகை எத்தனை வருஷத்துக்கு, அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீங்க. இன்ஜினீயரிங் பக்கம் போகிறவர்களுக்கு தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலைகளில் 3 சதவிகித ஒதுக்கீடும் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப்? அதுவும் நடக்காத விஷயமில்லை. பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்கும், பஞ்சாபின் ஹர்சிம்ரன் கவுர் சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்கும் ஆடப் போனார்கள். இருவரும் என்.பி.ஏ அகாடமியின் பெண்கள் பயிற்சித் திட்டத்தில் கவனிக்கப்பட்டவர்கள். ஆனால், அந்தத் திட்டத்தின் கண்ணில் பட வேண்டும் என்றால் அதற்கும் தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும். மறுபடியும் சங்க வழிதான்!

சர்டிஃபிகேட்டுக்கும் எக்ஸ்பயரி டேட் உண்டு

ஷோகேஸில் இருக்கும் கப் வேலை வாங்கித் தராது. மத்திய அரசு வேலைக்கு, சர்டிஃபிகேட் அதற்குரிய படிவத்தில் இருக்க வேண்டும். இந்தியாவுக்கு ஆடினால் படிவம் 1, தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்கு ஆடினால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகத்துக்கு என்றால் படிவம் 3, விளையாட்டு இயக்குநர். தேசியப் பள்ளிப் போட்டிக்குப் படிவம் 4, கல்வித்துறை. போட்டி முடிந்து நான்கு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் பதவியிலேயே இருக்க மாட்டார். அந்த சீசனிலேயே வாங்கிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது வரம்பு 18 முதல் 25. தளர்வு கிடையாது. அதோடு, அவர்கள் கணக்கில் எடுப்பது நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும் சேர்ந்த சாதனைகளை. ப்ளஸ் ஒன்னில் வாங்கிய சர்டிஃபிகேட்டை 23 வயதில் கொண்டுபோய்க் கொடுத்தால் மதிப்பு இல்லை. மொத்தத்தில் இந்தக் கரியரின் கதவு ஏழு வருஷம் மட்டுமே திறந்திருக்கிறது. நம் வீடுகளில் 'படிப்பை முடி, அப்புறம் கல்யாணம்' என்று பேச்சு ஆரம்பிப்பதும் அதே ஏழு வருஷத்தில்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முட்டியைப் பார்த்துக்கோங்க

பெண்கள் பேஸ்கட்பாலில் கரியரை முடிக்கும் வில்லன் பெரும்பாலும் ஒன்றுதான்: முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல் என்ற தசைநார். ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாறும்போதோ, குதித்துத் தரை இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கினாலோ அறுந்துவிடும். ஒரே மாதிரி விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம் நடக்கிறது. அறுவை சிகிச்சை செய்தால் மறுபடி கோர்ட்டுக்கு வர ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருஷம். ஏழு வருஷக் கதவில் ஒரு வருஷம் போனால் எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல செய்தி, இதைக் கணிசமாகத் தடுக்க முடியும். ஸ்குவாட், ஒற்றைக்கால் பேலன்ஸ், குதித்து மெதுவாக இறங்கும் பயிற்சி என 15 நிமிட வார்ம்-அப் போதும், ஆனால் வாரம் இரண்டு மூன்று முறையாவது விடாமல் செய்ய வேண்டும். நம் பள்ளிகளில் வார்ம்-அப் என்றால் கிரவுண்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டம்தானே! சிமென்ட் தரையில் தேய்ந்த ஷூவோடு ஆடுவது இன்னும் மோசம். புது ஜெர்சிக்குச் செலவழிக்கும் காசை முதலில் ஷூவுக்குப் போடுங்கள். பந்தும் அப்படித்தான். பெண்களுக்கு 6-ம் நம்பர் பந்து, ஆண்களுக்கு 7. பல இடங்களில் பையன்களோட பந்தையே கொடுத்துவிடுகிறார்கள். பெரிய பந்தில் பழகிய கை, மாநிலத் தேர்வில் சின்னப் பந்தைப் பிடிக்கும்போது ஷாட் தூரம் தப்புகிறது.

கல்யாணம், குழந்தை, அப்புறம்?

திரும்ப அனிதாவிடம் வரலாம். குழந்தை பிறந்ததற்காக இரண்டு ஆண்டுகள் போல ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். பலருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் 2017-ல் இந்திய அணிக்குத் திரும்பினார். பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' டிவிஷன். ஃபைனலில் கஜகஸ்தான். 75-73 என்று இரண்டே பாயின்ட்டில் இந்தியா ஜெயித்து, மேல் டிவிஷனுக்கு முன்னேறியது. ஓர் அம்மாவாக அந்தப் பதக்கத்தோடு 32 வயதில் அவர் விடைபெற்றார்.

அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்த கம்பேக்குக்குப் பின்னால் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தரும் மத்திய அரசு வேலை ஒன்று இருந்ததை மறந்துவிடக் கூடாது. இப்போது மகப்பேறு விடுப்பு 180 நாள். டபிள்யூ.என்.பி.ஏ வீராங்கனைகளுக்கு மகப்பேறு காலத்தில் முழுச் சம்பளம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே 2020-ல்தான். இந்த ஒரு விஷயத்தில் நம்ம ரயில்வே முந்திக்கொண்டது.

வேலை கிடைக்காவிட்டால்?

எல்லோருக்கும் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் பெண்கள் கூடைப்பந்துக்கு அறிவிக்கப்படும் இடங்கள் கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால் டிகிரி கட்டாயம். பி.பி.எட் முடித்தால் உடற்கல்வி ஆசிரியை. சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி இதற்குப் பெயர்போனது. பயிற்சியாளராக வேண்டும் என்றால் பாட்டியாலாவின் என்.ஐ.எஸ் டிப்ளோமா. நடுவர் தேர்வும் எழுதலாம். பெண் நடுவர்கள் குறைவு என்பதால் அதில் போட்டியும் குறைவு.

ஊரில் டீம் சேரவில்லை, பத்துப் பேர் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு 3x3 இருக்கிறது. பாதி கோர்ட், ஒரே ரிங், ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், மாற்று ஆட்டக்காரர் ஒருவர். பத்து நிமிடம் அல்லது 21 பாயின்ட், எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இதுவும் தனிப் பதக்கப் போட்டி. ராஜபாளையத்தில் மூணு பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மூணு பேர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மேட்ச் போட்டுவிடலாம். பந்து மட்டும் 6-ம் நம்பரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3x3-க்கு ஆண்களும் அந்த அளவுப் பந்தில்தான் ஆடுகிறார்கள்.